தலைமாட்டில் ஓர் ஆள்

“எங்க வீட்டுல பேய் இருக்குன்னு நீங்க எழுதிக் கொடுக்கணும்க்கா.”

மாடன் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறியது.

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, புரோட்டாக் கடை மாடியில் இருக்கிறது சங்கரேஸ்வரி துப்பறியும் நிலையம். துப்பறியும் நிலையம் என்றால் கொலையும் கொள்ளையுமாகக் கேஸ் வந்து குவியும் என்று நம்பி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆட்டோவை மச்சினன் கையில் கொடுத்துவிட்டு இங்கே உதவியாளனாகச் சேர்ந்தவன் மாடன். வந்ததெல்லாம் தண்ணீர் ஏற்றாத மோட்டாரும் குளிராத பிரிட்ஜும்தான். இன்றைக்குத்தான் முதல் முறையாகப் பேய் வந்திருக்கிறது. பெயரில்தான் காவல் தெய்வம் மாடனே தவிர, இருட்டினால் சொந்த வீட்டுக் கொல்லைக்குப் போகப் பெண்டாட்டியைத் துணைக்கு எழுப்புகிற ஆள் அவன்.

“பேய் இல்லன்னு காட்டச் சொல்லித்தான் ஆளு வரும். இருக்குன்னு எழுதிக் கேக்கது நீ ஒருத்திதான்,” என்றாள் சங்கரேஸ்வரி. இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் கிளெய்ம்களை விசாரித்தே தலை நரைத்தவள். யார் என்ன சொன்னாலும் முதலில் சிரித்த முகமாகக் கேட்டுக்கொள்வாள். அந்தச் சிரிப்பை நம்பி மாட்டியவர்கள் தென்காசியில் நிறையப் பேர்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் இசக்கிச்செல்வி. ஆய்க்குடியில் பிறந்தவள். போன தையில் சுந்தரபாண்டியபுரத்து பாண்டிராஜுக்கு வாழ்க்கைப்பட்டாள். பாண்டிராஜ் பட்டாளத்தில் இருக்கிறான். கல்யாணம் முடிந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டு எல்லைக்குப் போனவன், நாளைக் காலையில்தான் லீவில் வருகிறான்.

“பேய் எங்கன இருக்கு?”

“கட்டில்லக்கா. எங்கப்பா சீருக்கு வாங்கிக் கொடுத்த தேக்குக் கட்டில். தலைமாட்டுப் பலகையில ஒரு ஆம்பளை சாஞ்சு உக்காந்திருக்கான்.”

மாடன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். “இப்பவுமா?”

“சாரல் விழுந்தா வாரான். வெயிலடிச்சா மங்கிப் போவுதான். சோப்புப் போட்டுத் தொடச்சா அன்னைக்குப் போயிருதான், மறுநா திரும்ப வாரான். தலை, கழுத்து, தோளு எல்லாம் தெரியுது. மூஞ்சி மட்டும் இல்ல.”

“கடையில சொன்னியா?”

“சொன்னேன். பேய்க்கு வாரண்டி கிடையாதுன்னுட்டாங்க. எங்க அத்தையும் தெருப் பூராவும் பேய்னுதான் சொல்லி வச்சிருக்காங்க. உங்க லெட்டர்பேடுல சீல் குத்திக் கொடுத்தா நாளைக்கு அவரும் நம்புவாரு.”

பேயைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரல் ஆடவில்லை. ‘நாளைக்கு அவரு’ என்றபோதுதான் ஆடியது. சங்கரேஸ்வரி அதைக் கவனித்தாள். அவள் கவனித்ததை மாடன் கவனித்தான். அந்த அளவுக்கு அவனும் தொழில் கற்றிருந்தான்.

“கட்டிலைப் பாக்காம நான் எதுலயும் சீல் குத்த மாட்டேன்ம்மா. கிளம்பு.”

சுந்தரபாண்டியபுரம் போகிற வழி நெடுகச் சூரியகாந்தி பூத்திருந்தது. கேரளாக்காரர்கள் குடையும் கையுமாக வயலுக்குள் நின்று ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். “இத்தனை பேரு இங்கன நிக்காங்க, இவங்கள்ல ஒருத்தனைக்கூட அந்தப் பேய்க்குப் பிடிக்கலையா யக்கா?” என்று கேட்டுக்கொண்டே மாடன் ஸ்கூட்டரை ஓட்டினான். கேலி அதிகமானால் பயமும் அதிகம் என்று சங்கரேஸ்வரிக்குத் தெரியும்.

வாசலில் மாமியார் முப்பிடாதியம்மாள் நின்றாள். கட்டுக்குலையாத உடம்பு, நெற்றியில் திருநீறு. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாய் வயலைப் பார்த்து மகனைப் படிக்க வைத்துப் பட்டாளத்துக்கு அனுப்பியவள்.

“பேயைப் பாக்கவா வந்திருக்கிய? நேரா போய் இடது கைப் பக்கம்,” என்றாள், ரேஷன் கடைக்கு வழி சொல்வதைப் போல.

அறைக்குள் விளக்கைப் போட்டும் வெளிச்சம் போதவில்லை. மலைப் பக்கமிருந்து இறங்கிய மேகம் ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்தது. பீரோ, அலங்கார மேசை, கட்டில் எல்லாம் சீர் வந்த மினுமினுப்போடு இருந்தன. கட்டிலின் தலைமாட்டில் அந்த ஆள் இருந்தான்.

மாடன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். ஏதோ காபி கொட்டிய திட்டாக இருக்கும், தைரியமாகச் சிரித்து வைக்கலாம் என்று நினைத்து வந்தவன் அவன். சிரிப்பு வரவில்லை. பளபளக்கிற பாலிஷுக்கு அடியிலிருந்து ஒரு தலையும் கழுத்தும் இரண்டு தோளும் கருப்பாகக் கசிந்து நின்றன. தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. காத்திருந்து அலுத்துப்போன ஆள் சாய்வது மாதிரி. பக்கத்திலேயே இசக்கிச்செல்வியின் தலையணை கிடந்தது. இந்தப் பிள்ளை இதன் பக்கத்தில் தலை வைத்துப் படுக்கிறாளே என்று நினைத்தான்.

“மாடா, கிட்டப் போய் மோந்து பாரு.”

“நானா? யக்கா, எனக்கு ரெண்டு நாளா ஜலதோஷம்.”

“காலையில கீழ கொத்துப் புரோட்டா போடுதான்னு மாடியில இருந்தே சொன்ன மூக்கு அது. போ.”

கண்ணை மூடிக்கொண்டு மோந்தான். மரத்திலிருந்து ஒரு வாசனை வந்தது. தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய் இல்லை. கசாயத்தையும் நல்லெண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சிய மாதிரி, பழகிய வாசனை. எங்கே பழகியது என்றுதான் பிடிபடவில்லை.

சங்கரேஸ்வரி அதற்குள் கட்டிலுக்கு அடியில் புகுந்து செல்போன் டார்ச் அடித்தாள். நான்கு காலும் அடியில் புதிதாக அறுக்கப்பட்டு ரப்பர் மூடி போட்டிருந்தது. நடுப் பலகையின் அடிப்பக்கம் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். அவசரத்தில் தேய்த்தது போலிருக்கிறது. பச்சைப் பெயிண்டில் பாதி வட்டமும் அதற்குள் ஆறு என்ற எண்ணும் இன்னும் தெரிந்தன.

வெளியே வந்தவள் முழங்காலைத் தட்டிவிட்டு அறையின் பின்கதவைத் திறந்தாள். கொல்லைப் பக்கத்துப் படியில் வெள்ளையாக மாவு தூவியிருந்தது. கோலம் என்றால் புள்ளியாவது இழையாவது இருக்கும். இது முகத்துக்குப் பவுடர் போட்டது போலச் சீராகப் பரவிக் கிடந்தது. ஜன்னலுக்கு அடியிலும் அதே மாவுதான்.

“எறும்புக்குப் போட்டேன்,” என்றாள் முப்பிடாதியம்மாள், யாரும் கேட்பதற்கு முன்பே.

“புண்ணியம் மதினி,” என்று சங்கரேஸ்வரி சிரித்தாள்.

ஸ்கூட்டர் வரைக்கும் இசக்கிச்செல்வி வழியனுப்ப வந்தாள். சூரியகாந்தி வயல் ஓரத்தில் நின்று சங்கரேஸ்வரி கேட்டாள். “மாடா, பேய்க்குக் கால் உண்டா?”

“ஏது? தரையில கால் பாவாதுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே.”

“அப்ப காலடி விழட்டும்னு மாவு தூவி வச்சிருக்கவங்க எதைத் தேடுதாங்க?”

மாடனுக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. வாயில் வந்த அடுத்த கேலியை விழுங்கிக்கொண்டான். இசக்கிச்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடக்கி அடக்கி வைத்த அழுகை அது, வந்ததும் நிற்கவில்லை.

“எனக்குத் தெரியும்க்கா. அத்தை ஒரு நாளும் பேயை நம்பினது இல்ல. எண்ணெய்த் தலையோட ஒரு ஆம்பளை என் கட்டில்ல வந்து சாஞ்சிட்டுப் போறான்னுதான் நினைக்காங்க. குடும்ப மானம் போயிரக் கூடாதுன்னு தெருவுல பேய்னு சொல்லுதாங்க. எனக்குக் காவலுக்குன்னு வாசல்ல பாய் போட்டுப் படுக்காங்க. யாருக்குக் காவல்னு எனக்குத் தெரியாதா?”

“அதான் பேய்னு எழுதிக் கேட்டியோ?”

“பேய் இல்லன்னா ஆளுன்னு ஆயிரும்லக்கா. நாளைக்கு அவரு வந்து என்னை ஆடிக்கு எங்கப்பா வீட்டுல கொண்டு விடுதாராம். புதுப் பொண்ணு எல்லாரும் ஆடிக்குப் போறதுதான? ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. ஆனா ஆவணி பொறந்தும் என்னைக் கூப்பிட வர மாட்டாங்க. அத்தை என் துணியெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லிட்டாங்க. பொங்கச் சேலைகூட மிச்சம் வைக்காம.”

ஆடிக்கு அழைப்பது ஊர் வழக்கம். அதையே சத்தமில்லாமல் ஒருத்தியை வீட்டைவிட்டு அனுப்புவதற்கும் பயன்படுத்தலாம் என்று மாடனுக்கு இன்றுவரை தோன்றியதே இல்லை. முப்பிடாதியம்மாள் மேல் அவனுக்கு எரிச்சல் வந்தது. அவள் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்துக் கொஞ்சம் பயமும் வந்தது.

“கடையில நீ என்னன்னு சொன்ன? வார்த்தை மாறாமச் சொல்லு,” என்றாள் சங்கரேஸ்வரி.

“போன்லதான் சொன்னேன். கட்டில்ல ஒரு கறை இருக்குன்னேன். ஆள் சாஞ்ச மாதிரியான்னு அவரே கேட்டாரு. ஆமான்னேன். உடனே, அது உங்க வீட்டுக் காத்து கருப்பும்மான்னு வச்சிட்டாரு.”

சங்கரேஸ்வரியின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. மாடனுக்குப் பிடித்த முகம் அதுதான். கேஸ் சூடு பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

“கறைன்னு சொன்னா காபி கொட்டுச்சா, மை கொட்டுச்சான்னுதான் எவனும் கேப்பான். இவரு ஆள் உருவமான்னு கேட்டிருக்காரு. வண்டியை எடு மாடா.”

பொன்மாலை பர்னிச்சர் தென்காசி மெயின் ரோட்டில் இரண்டு மாடிக்கு நின்றது. வாசலிலேயே பெரிய பேனர்: ‘உங்கள் பழைய கட்டிலைக் கொடுங்கள், புதுக் கட்டிலோடு போங்கள்.’ உள்ளே கல்யாணச் சீருக்கென்று செட் செட்டாக அடுக்கியிருந்தார்கள். முதலாளி அருமைநாயகம் வெள்ளைச் சட்டையில் எழுந்து வந்து கும்பிட்டார்.

“வாங்க மேடம். சோபாவா, டைனிங் டேபிளா?”

“வாரண்டி,” என்றாள் சங்கரேஸ்வரி.

அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார். இசக்கிச்செல்வி கொடுத்துவிட்டிருந்த பில்லை வாங்கிப் பார்த்தார். “இது பொண்ணோட அப்பா பேருல இருக்கு. அவரு வரட்டும். மகளுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

“உங்க கடையில சீர் வாங்குத அப்பனெல்லாம் தான் படுக்கவா அண்ணாச்சி கட்டில் வாங்குதான்? வாங்கினவர் சம்மதத்தோட பொருளைப் பயன்படுத்துறவங்களும் நுகர்வோர்தான். சட்டம் அப்படித்தான் சொல்லுது. அந்தப் பிள்ளையே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு கொடுக்கலாம். ரெண்டு வருஷம் வரைக்கும் டைம் இருக்கு, அவளுக்குக் கல்யாணமாகி இன்னும் முதல் ஆடிகூட வரல.”

“பில்லுல கீழ பாருங்க. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.”

“அதைக் கட்டம் போட்டு வேற அடிச்சிருக்காரு யக்கா,” என்றான் மாடன். “கட்டத்துக்குள்ள அடிச்சா சட்டம் ஆயிரும்னு யாரோ சொல்லியிருக்காங்க போல.”

“குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மாட்டேன்னு சொன்னா அதுக்கு முறையற்ற வணிகம்னு பேரு அண்ணாச்சி. கட்டத்துக்குள்ள இருந்தாலும் அதே பேருதான்.”

“குறை கட்டில்ல இருந்தா நான் பாப்பேன் மேடம். கரையான் அரிச்சா மாத்தித் தாரேன். வீட்டுல இருக்குற காத்து கருப்புக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?”

“மழை, வெள்ளம்னா கடவுள் செயல்னு கையை விரிப்பாங்க. பேய் செயல்னு கையை விரிச்ச முதல் முதலாளி நீங்கதான்,” என்றான் மாடன்.

சங்கரேஸ்வரி எழுந்துகொண்டாள். போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டாள். “எக்ஸ்சேஞ்சுல வாங்குத பழைய கட்டிலை எல்லாம் என்ன பண்ணுதிய?”

“விறகுக்குப் போட்டிருவோம்.”

“இதுக்கு முன்னாடி எத்தனை வீட்டுல இந்த மாதிரி ஆள் வந்து உக்காந்திருக்கான்?”

அருமைநாயகம் எழுந்து பில்லை மடித்து நீட்டினார். ஏ.சி.க்கு நேராக நின்றுகொண்டு கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். கடையின் பின்பக்கத்தில் விறகுக் கடைக்கான அடையாளம் எதுவும் இல்லை. பாலிஷ் வாடைதான் மூக்கைத் துளைத்தது.

வெளியே வந்து ஸ்கூட்டரை உதைத்தபோது எதிரே குற்றாலத்துப் பஸ் நின்றது. ஈரத் தலையும் தோளில் துண்டுமாக ஒரு கூட்டம் இறங்கி அவர்களை உரசிக்கொண்டு போனது. மாடன் உதைப்பதை நிறுத்திவிட்டுக் காற்றில் மூக்கை நீட்டினான்.

“யக்கா! இதான்! கட்டில்ல அடிச்சது இந்த வாடைதான். மசாஜ் எண்ணெய்!”

அருவிக்குப் போகிறவன் நேராகப் போய்த் தலையைக் கொடுப்பதில்லை. முதலில் எண்ணெய் தேய்க்கிறவரைப் பிடித்து உச்சி முதல் உள்ளங்கால் வரை மூலிகை எண்ணெய் போட்டு நீவி விடச் சொல்லி, அது உடம்பில் ஊறுகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்து, அப்புறம்தான் அருவிக்குள் போவான். இந்த ஊரில் பிறந்த எவனுக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தெரிந்த வாசனையாக இருந்ததால்தான் மாடனுக்கு இவ்வளவு நேரம் எடுத்தது.

“ஊறுத வரைக்கும் எங்கன உக்காருவான்?” என்றாள் சங்கரேஸ்வரி.

“ரூம் போட்டிருந்தா கட்டில்லதான். சாஞ்சுக்கிட்டு.”

“உன் மச்சினன்கிட்டச் சொல்லி ஆட்டோவை எடுத்துட்டுப் போ. அந்தப் பிள்ளையையும் அவ மாமியாரையும் குத்தாலத்துக்குக் கூட்டிட்டு வா. பேயை ஓட்டணும்னா ரெண்டு பேரும் அருவியில தலை முழுகணும்னு சொல்லு.”

“பெரியம்மாதான் பேயை நம்பலையே, எப்படி வருவாங்க?”

“தெருவுக்குப் பேய்னு சொல்லி வச்சிருக்கவங்க தெரு முன்னாடி வர மாட்டேன்னு எப்படிச் சொல்லுவாங்க?”

அதேபோல முப்பிடாதியம்மாள் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். மருமகள் பக்கம் திரும்பாமல் வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

பேரருவிக்குப் போகிற பாதையில் எண்ணெய் பாட்டிலை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் சங்கரேஸ்வரி ஏற்கெனவே விசாரித்து முடித்திருந்தாள். வாளி, செம்பு, கட்டில் எல்லாவற்றிலும் பச்சை வட்டம் போட்டு எண் எழுதுகிற லாட்ஜ் எது என்று கேட்டாள். அவர்களும் யோசிக்காமல் கையை நீட்டினார்கள். ஐந்தருவி ரோட்டில், மரங்களுக்குள் ஒதுங்கி நின்ற பழைய கட்டிடம். சொந்தக்காரர் முத்துராமலிங்கம், நடக்கக் கம்பு ஊன்றினாலும் பேச்சுக்கு எதுவும் ஊன்றாத மனிதர்.

“பழைய கட்டிலா? தேக்குதான். என்ன பிரயோஜனம்? வாரவன் பூராவும் எண்ணெயைத் தேச்சுட்டுத் தலைமாட்டுல சாஞ்சிருவான். வருஷக்கணக்கா ஊறி ஊறி மரம் எண்ணெய்ச் செக்கு மாதிரி ஆயிப்போச்சு. தென்காசியில இருந்து ஒரு கடைக்காரன் எக்ஸ்சேஞ்சுன்னு வந்து அள்ளிட்டுப் போனான். விறகுக்குத்தான் ஆகும் அண்ணாச்சின்னான். ஏழாம் நம்பர் கட்டில் மட்டும் கால் ஒடிஞ்சிருக்குன்னு விட்டுட்டான். அந்த ரூமுல சாமான் போட்டு வச்சிருக்கேன்.”

“திறந்து காட்டுதியளா?”

மாலைதான் என்றாலும் சாரல் ஊரை மூடியிருந்தது. அருவிச் சத்தம் சுவருக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. முத்துராமலிங்கம் கதவைத் தள்ளினார். பூஞ்சை வாடையும் அந்த எண்ணெய் வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. பல்பு எரியவில்லை. உள்ளே பழைய வாளிகளுக்கு நடுவே ஒரு கட்டில் கோணலாகக் கிடந்தது.

அதில் ஒருத்தன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“ஐயோ!” என்று மாடன் சங்கரேஸ்வரியின் பின்னால் போய்விட்டான். எண்ணெய்தான் என்று அவனே கண்டுபிடித்திருந்தும் கால் கேட்கவில்லை. அதே தலை, அதே கழுத்து, ஒரு பக்கம் சாய்ந்த அதே அலுப்பு. பாலிஷ் இல்லாததால் இவன் இன்னும் கருப்பாக இருந்தான். பலகைக்கு அடியில் பச்சை வட்டத்துக்குள் ஏழு.

பயப்படாமல் உள்ளே போனது முப்பிடாதியம்மாள் ஒருத்திதான். பேயை நம்பாதவளுக்குப் பயம் எதற்கு? கட்டில் அருகே போய்க் குனிந்து பார்த்தாள். அந்த உருவத்தின் தோளில் கையை வைத்துத் தேய்த்து, விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள். அப்புறம் அவள் நிமிரவே இல்லை. முதுகு மட்டும் தெரிந்தது. அருவி கொட்டிக்கொண்டே இருந்தது. இசக்கிச்செல்வி கதவைப் பிடித்துக்கொண்டு அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாருன்னே தெரியாத எத்தனையோ பேரு சாஞ்ச கட்டில் மதினி இது,” என்றாள் சங்கரேஸ்வரி மெதுவாக. “மேல இழைச்சுப் பாலிஷ் போட்டுப் புதுசுன்னு சீருக்கு வித்துட்டான். கோடையில காஞ்சு கிடந்துச்சு. சாரல் ஈரம் பட்டதும் உள்ள இருந்த எண்ணெய் மேல வந்துருச்சு. உங்க வீட்டுக்கு ஒரு ஆளும் வரல.”

அந்த நேரம் பார்த்து முப்பிடாதியம்மாளின் போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். அருமைநாயகத்தின் குரல் தேனாக ஒழுகியது.

“அம்மா, பொன்மாலையில இருந்து பேசுதேன். உங்களுக்கு ஏன் மனக்கஷ்டம்? புதுக் கட்டில் இலவசமா அனுப்பியிருக்கேன், வேன் உங்க வீட்டு வாசல்ல நிக்கி. அந்தப் பழையதை மட்டும் கொடுத்து விட்டுருங்க. நாளைக்கு உங்க மகன் லீவுல வாராராம்ல, வேன்காரன்கிட்டத் தெருவுல சொன்னாங்க; புதுக் கட்டில்ல படுக்கட்டும். பேய் விஷயம் இத்தோட முடிஞ்சிரும்.”

மாடனுக்குத் திக்கென்றது. கட்டில் போனால் அத்தாட்சியும் போகும். வேனில் ஏறிய அடுத்த நிமிஷம் அது உண்மையாகவே விறகாகிவிடும்.  சாவி முப்பிடாதியம்மாள் இடுப்பில் இருந்தது. பேய்க் கதையை இத்தோடு மூடிவிட்டு, வாசலுக்கு வந்த புதுக் கட்டிலை வாங்கிப் போட்டுக்கொண்டு, இந்த அறையைப் பார்த்ததையே மறந்துவிட அவளால் முடியும். யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை.

“ஏலே,” என்றாள் அவள் போனில். “நான் வார வரைக்கும் என் வீட்டுப் படியில எவனாவது காலை வச்சான், வெட்டி வாழைக்கு உரமாப் போட்டிருவேன். அங்கன மாவு தூவியிருக்கேன். காலடி விழுந்தா எனக்குத் தெரியும்.”

போனை அணைத்து, சாவிக்குப் பக்கத்தில் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

லாட்ஜ் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு சங்கரேஸ்வரி மனுவுக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தாள். “பழசைப் புதுசுன்னு வித்தது ஒரு குத்தம். வாரண்டியை மறுத்தது இன்னொண்ணு. கட்டிலுக்குக் கொடுத்ததை வட்டியோட திருப்பிக் கேக்கலாம். மன உளைச்சலுக்கும் நஷ்டஈடு கேக்கலாம். ஆனா என்ன உளைச்சல், எப்படி வந்துச்சுன்னு சொல்லணும்.” அவள் இசக்கிச்செல்வியைப் பார்த்தாள்.

இசக்கிச்செல்வி தரையைப் பார்த்தாள். எதைச் சொல்வது? சொன்னால் அந்தச் சந்தேகம் ஆணையத்தில் நாலு பேர் முன்னால் படிக்கப்படும்.

“நான் சொல்லுதேன், எழுதுங்க,” என்றாள் முப்பிடாதியம்மாள். முத்துராமலிங்கமும் மாடனும் நிற்பதை அவள் சட்டை செய்யவில்லை. “மருமக கட்டில்ல எவனோ வந்து படுக்கான்னு மாமியா நினைச்சா. மாவு தூவிக் காலடி தேடுனா. வாசல்ல படுத்துக் காவல் இருந்தா. பட்டாளத்துல இருக்கிற மகனுக்கும் போன் போட்டுச் சொன்னா. ஒண்ணு விடாம எழுதுங்க. அந்த உளைச்சல்ல கடைக்காரன் பாதி, நான் பாதி.”

சங்கரேஸ்வரியின் பேனா நின்றது. எத்தனையோ பொய்யைச் சிரித்த முகமாகக் கேட்டவளுக்கு இதை எந்த முகத்தோடு கேட்பது என்று தெரியவில்லை. மாடன் இன்னொரு நாற்காலியை இழுத்து முப்பிடாதியம்மாளுக்குப் போட்டான்.  

இசக்கிச்செல்வி அழவில்லை. எழுந்து வந்து மாமியாருக்கு எதிரே நின்றாள்.

“கடைக்காரன் பாதியை மட்டும் எழுதுங்கக்கா. அத்தை பங்கை நான் வீட்டுல வச்சு வசூல் பண்ணிக்கிடுதேன்.”

“பண்ணிக்கோட்டி,” என்றாள் முப்பிடாதியம்மாள், தலையைக் குனிந்தபடியே. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவில்லை.

“அவருகிட்ட நீங்க சொன்னப்ப, அவரு என்ன சொன்னாரு அத்தை?”

முப்பிடாதியம்மாள் நிமிர்ந்தாள். இல்லாத ஒன்றைச் சொல்லி மகனைக் காப்பாற்ற அவளுக்கு ஆசை இருந்தது. அது முகத்தில் தெரிந்தது. ஆனால் இன்றைக்கு இனிமேல் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

“ஒண்ணும் சொல்லல. இருக்காதுன்னு ஒரு வார்த்தைகூடச் சொல்லலட்டி. ஆடிக்குக் கொண்டு விட்டுருவோம்னான்.”

 இசக்கிச்செல்வி முத்துராமலிங்கத்தைப் பார்த்துத் திரும்பினாள். குரல் ஆடவே இல்லை.

“அண்ணாச்சி, நாளைக்குக் காலையில இந்த ரூமைத் திறந்து வையுங்க. ஸ்டேஷன்ல இருந்து அவரை நேரா இங்கன கூட்டிட்டு வாரேன். வீட்டுப் படி ஏறதுக்கு முன்னாடி இந்த ஆளு பக்கத்துல கொஞ்ச நேரம் தனியா உக்காந்து பாக்கட்டும். சாரல் விழுந்த நாள்ல இருந்து நான் உக்காந்திருந்தேன்ல.”